புறா, பருந்து, எருவை, கழுகு

இந்தப் பொங்கல் விடுமுறைக்குப் பெரியவன் கேட்டது ஜெய்சல்மேர். கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறான், இரண்டு வருடமாகப் பறவைப் பைத்தியம். தார் பாலைவனத்தில் கானமயில் இருக்கிறதாம், நாடு முழுவதும் தேடினாலும் நூற்றைம்பது தேறாதாம், அது இல்லாமல் போவதற்குள் பார்த்துவிட வேண்டுமாம். அவன் பேசிய வேகத்தில், திங்கட்கிழமைக்குள் நாங்கள் புறப்படாவிட்டால் அந்தப் பாவம் எங்கள் தலையில்தான் விடியும் போலிருந்தது. என் வீட்டுக்காரர் கல்யாணப் பத்திரிகைக் கவர் ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். ஐந்து பேருக்கு ரயில், அறை, ஜீப், ஒட்டகம். ஒட்டகம் சின்னவள் சேர்த்தது. கூட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கவரை என் பக்கம் நகர்த்தினார். தபால் அலுவலக எழுத்தரான எனக்கு அது எத்தனை மாதச் சம்பளம் என்று இங்கே எழுதுவதாக இல்லை.

“பாலைவனம்தானே வேண்டும்? நான் பிறந்த ஊருக்குப் பின்னால் பன்னிரண்டாயிரம் ஏக்கர் கிடக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்” என்றார் அம்மா, பனங்கிழங்கு உரித்துக்கொண்டே.

அம்மா சொன்னது குதிரைமொழித் தேரியை. திருச்செந்தூருக்கு மேற்கே, காயாமொழி, நாலுமாவடி என்று ஊர்கள் அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். 1986-இல் மாவட்டம் பிரிந்த பிறகு அது தூத்துக்குடிக் கணக்கில் போய்விட்டது. அம்மாவுக்கு அதெல்லாம் கணக்கில்லை, எல்லாம் திருநெல்வேலிச் சீமைதான். மழை அளவை வைத்துப் பார்த்தால் தேரி பாலைவனம் ஆகாது என்று மகன் உடனே மறுத்தான். உண்மைதான். ஆனால் பெய்கிற மழையைக் குடிக்கிற வேகத்தில் அது பாலைவனம்தான். ஐப்பசி கார்த்திகையில் கொட்டுகிற மழை அரை மணி நேரத்தில் எங்கே போயிற்று என்று தெரியாது. செக்கச்செவேலென்று மணல்மேடு, மேட்டுக்குப் பின் மேடு, நடுநடுவே பனை.

ஒரு வழியாக அவனைச் சம்மதிக்க வைத்தது சின்னவள். அவள் பத்தாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வில் கருப்பொருள் அட்டவணையில் இரண்டு மதிப்பெண் போய்விட்டது. பாலைக்குப் பறவை என்ன என்ற கட்டத்தில் கிளி என்று எழுதி வைத்திருந்தாள். தமிழாசிரியை குறிப்பேட்டில் எழுதிப்போட்ட விடை: புறா, பருந்து, எருவை, கழுகு. “நான்கையும் நேரில் பார்த்துவிட்டால் மறக்காது அல்லவா” என்றாள். படிப்பின் பெயரால் ஒரு பயணம் என்றால் இந்த வீட்டில் யாராலும் தடுக்க முடியாது. அறிவியல், கணக்குப் புத்தகங்களையும் எடுத்து வைத்தேன். போன மடிப்பு கலையாமல் திரும்பி வந்தன.

மாட்டுப்பொங்கல் முடிந்த மறுநாள் தம்பியின் பழைய வேனில் கிளம்பினோம். வருடந்தோறும் பொங்கல் நாட்களில் தமிழகம் முழுவதும் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஓர் இடத்தில் பதினைந்து நிமிடம் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் இனவாரியாக எண்ணி இணையத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். மகனுக்கு அது விரதம் போல. வழியில் டீக்கடையில் நின்ற பதினைந்து நிமிடத்திலும் காக்கை, மைனா எண்ணினான்.

போகிற வழியில் மூலைக்கரைப்பட்டிப் பக்கம் திரும்பிக் கூந்தன்குளம் பார்த்தோம். அதைப் பற்றி எழுதாத ஆளில்லை, ஆகவே சுருக்கமாக. சங்குவளை நாரைகள் வீட்டுப் புறவாசல் மரங்களில்கூடக் குடித்தனம் நடத்துகின்றன. இமயத்தைத் தாண்டி வந்த வரித்தலை வாத்துகள் நாற்பது சொச்சம், குளத்து மாடுகளைப் போல அசையாமல் நின்றன. அங்கே பறவைகளுக்காக ஊரார் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. எங்கள் தெருவில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சின்னவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “இதெல்லாம் மருதம், எனக்கு வேண்டாம்” என்று வேனில் ஏறிவிட்டாள்.

பைனாகுலரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தள்ளுபடியில் இணையத்தில் வாங்கியது. 8×42 என்று பெட்டியில் போட்டிருந்தது. பெட்டி நல்ல பெட்டி. இடது பக்கக் கண்ணாடி மட்டும் எந்தத் திருகுக்கும் மசியாமல் எல்லாவற்றையும் பாசி படிந்த தண்ணீருக்குள் காட்டும். ஆகவே குடும்பமே ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வாயை ஒரு பக்கம் கோணிக்கொண்டு பறவை பார்த்தது. முதல் நாள் மாலை மாமா வீட்டு வாசலில் நாங்கள் முறை வைத்து அப்படி நிற்பதைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, என்னவோ ஏதோ என்று அம்மாவிடம் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

மாமாவுக்கு எங்கள் நோக்கம் புரியவே இல்லை. அவருக்குத் தேரி ஓரத்தில் கிணற்றுப் பாசனத்தில் முருங்கையும் கொஞ்சம் நிலக்கடலையும் இருக்கிறது. “மயில் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தீர்கள்? காலையில் என் தோட்டத்துக்கு வாருங்கள். எத்தனை வேண்டுமோ பிடித்துக்கொண்டு போங்கள்” என்றார். விதைத்த கடலையைக் கிளறித் தின்றுவிடுகின்றனவாம். அடிக்கவும் முடியாது, சட்டம் தேசியப் பறவை என்கிறது, மனசு முருகன் வாகனம் என்கிறது. “திருச்செந்தூரில் குடியிருக்கிறவன் வண்டியை என் தோட்டத்தில் நிறுத்துகிறான்” என்பது மாமாவின் புகார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

புறா முதல் பத்து நிமிடத்திலேயே கிடைத்துவிட்டது. மாமா வீட்டு மின்கம்பியிலேயே இரண்டு கள்ளிப்புறாக்கள், கழுத்தின் பின்புறம் மை தொட்டுக் கோடு போட்டதுபோல. சின்னவள் குறிப்பேட்டில் டிக் அடித்தாள். பருந்துக்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலை உடன்குடிச் சந்தைப் பக்கம் மீன் கழிவுக்கு வட்டமிட்ட கரும்பருந்து. சந்தையில் பார்த்தது பாலையில் சேராது என்று மகன் வாதாடினான். அவள் கேட்கவில்லை, டிக் விழுந்தது. (உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ வாங்கினோம். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபிறகு விலை சொல்லும்போது கடைக்காரர் குரலில் ஒரு நிமிர்வு வந்திருக்கிறது.)

தேரிக்குள் போனது அதற்கடுத்த நாள் விடியலில். இன்னும் இருட்டு. மண்பாதையில் வேன் வெளிச்சத்துக்கு முன்னால் இரண்டு சிவப்புக் கனல்கள் தரையோடு தரையாக எரிந்தன. நெருங்கியதும் சத்தமே இல்லாமல் எழும்பி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தது. பக்கி. பகலெல்லாம் சருகோடு சருகாகக் கிடந்து இரவில் பூச்சி பிடிக்கிற பறவை. சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளைத் திட்ட நான் அன்றாடம் எடுக்கிற சொல்லுக்கு உயிருள்ள பொருள் ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. எனக்கும்தான்.

ஜனவரி விடியலில் தேரி மணல் ஐஸ் மாதிரி குளிரும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். ராத்திரிக் காற்று மணலை வழித்து மெழுகி வைத்திருந்ததால், விடியலுக்குள் யார் யார் வந்துபோனார்கள் என்பது அப்படியே பதிந்திருந்தது. மயிலின் மூன்று விரல் தடம் உள்ளங்கை அகலம் இருக்கும். அதன் பக்கத்தில் அதே அச்சில் சின்னதாகக் கவுதாரி, ஒரே வரிசையில், அடிக்கு அடி இடைவெளி மாறாமல். ஓணான் போன இடத்தில் நடுவே வால் இழுத்த கோடு. உடைமரத்து நிழலுக்குப் போகும் வழியில் குழியானைகள் தோண்டிய புனல் குழிகள். ஓர் இடத்தில் ஏதோ எலித்தடம் நேராக வந்து, நடுவெளியில் சட்டென்று நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் மணலில் விசிறி போட்டதுபோல இறகு பட்ட வரிகள். அதற்குமேல் தடம் இல்லை. பெரியவன் நெடுநேரம் அந்த இடத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஆந்தையாக இருக்கும் என்றான். அதைப் பட்டியலில் ஏற்றலாமா என்று அவனுக்குள்ளேயே ஒரு வழக்கு நடந்து, கடைசியில் ஏற்றவில்லை.

என் வீட்டுக்காரர் வரலாற்று ஆசிரியர். அவரோடு எங்கே போனாலும் ஒரு பாடவேளை உண்டு. இந்த மணலின் சிவப்பு ஒவ்வொரு குருணையிலும் படிந்திருக்கிற இரும்புத் துரு, இந்த மேடுகளில் கற்காலத்து மனிதர்கள் கூழாங்கல்லைச் சீவிச் செய்த நகக்கண் அளவுக் கருவிகள் கிடைத்திருக்கின்றன, 1956-இலேயே அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டு போக, காற்றில் பாதி எங்களிடம் வந்தது. ஆடி மாதத்துக் காற்றில் மணல் மேடே இடம் மாறும், காலையில் கதவைத் திறந்தால் படியைக் காணோம் என்று அம்மா சின்ன வயதுக் கதை சொல்வார். அந்த ஓட்டத்தைக் கட்டத்தான் வனத்துறை முந்திரியைக் கொண்டுவந்து நட்டதாம்.

அந்த வரலாற்று ஆசிரியர்தான் வேனையும் சிக்க வைத்தார். வெயில் ஏறிய நேரம், முந்திரிக் காட்டைத் தாண்டிய வெட்டவெளியில் ஒரு பறவை தாழப் பறந்து போனது. சாம்பல் உடம்பு, இறக்கை நுனி கறுப்பு, தரையைக் கூட்டிப் பெருக்குவதுபோல இப்படியும் அப்படியும். “பூனைப்பருந்து!” என்று மகன் கத்தினான். குளிர்காலத்துக்கு மட்டும் வருவது. அவன் கத்திய பக்கம் அவர் ஸ்டீயரிங்கைத் திருப்பினார். பத்தடிகூடப் போகவில்லை. பின் சக்கரம் சுற்றியது, மணல் வாரி அடித்தது, மேலும் மிதித்தார், மேலும் இறங்கியது. இறங்கிப் பார்த்தால் அச்சு வரை செம்மண்ணில் உட்கார்ந்திருக்கிறது. ஜீப்புக்கு எவ்வளவு கேட்பார்கள் என்று கவரில் போட்ட கணக்கு எனக்கு நினைவு வந்தது. சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்திருக்கும்.

மாமாவுக்குப் போன் போட்டு முக்கால் மணி நேரம் கழித்து, அவரும் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவரும் வந்தார்கள். பெரியவர் ஐம்பது வருடம் பனையேறியவர். நெஞ்சில் மரம் உரசித் தழும்பேறிய தோல், கணுக்கால் இரண்டிலும் காப்புக் காய்த்திருந்தது. வேனைச் சுற்றி ஒருமுறை நடந்தார். டயரில் பாதிக் காற்றை இறக்கச் சொன்னார். பிறகு பனை அடியில் கிடந்த காவோலைகளையும் மட்டைகளையும் இழுத்து வரச் சொல்லி, சக்கரத்துக்கு முன்னால் பாய் விரிப்பதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

அப்படி இழுத்து வந்த ஒரு காய்ந்த ஓலையைப் போடப் போனவர் கையை நிறுத்தினார். மடிப்பைப் பிரித்து என்னிடம் காட்டினார். ஓலையின் உள்பக்கத்து மடிப்பில், ஒரு காபி ஸ்பூன் தலையைக் கவிழ்த்து ஒட்டினால் எப்படி இருக்கும், அந்த அளவில் ஒரு கூடு. முழுக்க இறகும் பஞ்சும். ஒவ்வொரு இறகும் ஓலையோடு சேர்த்து ஏதோ கோந்தால் ஒட்டியிருந்தது, காய்ந்து மினுமினுத்தது. நகத்தால் தட்டினால் கடகடவென்றது. பனை உழவாரனின் பழைய கூடு. கோந்து அதன் எச்சில். அதற்குக் கிளையில் உட்காரும் கால் கிடையாது. பறந்துகொண்டே தின்னும், ஓலையில் நகத்தால் தொங்கிக்கொண்டே தூங்கும். தலையை நிமிர்த்திப் பார்த்தோம். அந்தப் பனையின் கொண்டையைச் சுற்றித்தான் அவ்வளவு நேரமும் பத்துப் பதினைந்து உழவாரன்கள் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. வேன் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை.

“காவோலையை எல்லாம் கழித்து மரத்தைச் சுத்தம் செய்துவிட்டால் இது போய்விடும்” என்றார் பெரியவர். “ஏறுகிறவன் இருந்தபோது கழித்தோம். இப்போது யார் ஏறுகிறார்கள்? இதற்கு நல்ல காலம்தான்.” அந்த ஓலையை மட்டும் சக்கரத்துக்குப் போடாமல் மரத்தடியில் சாய்த்து வைத்தார். வேன் மூன்றாவது உந்தலில் ஏறிவிட்டது. பெரியவருக்குப் பணம் நீட்டிய என் வீட்டுக்காரரிடம், “பொங்கலுக்கு வந்த பிள்ளைகளிடம் வாங்குவதா?” என்று சிரித்துவிட்டுப் போனார்.

பூனைப்பருந்தைப் பருந்துக் கட்டத்தில் சேர்த்துச் சந்தைப் பருந்தை அடித்துவிடும்படி மகன் கேட்டான். சின்னவள் இரண்டையும் வைத்துக்கொண்டாள். கழுகு சாயங்காலம் கிடைத்தது. தேரிக்கு மேல் ஓரிடத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டதுபோல அசையாமல் நின்று, இறக்கையை மெல்ல அடித்துக்கொண்டு கீழே பார்த்தது. அடிவயிறு வெளுப்பு, தலை பெரிது, ஆந்தை முகம். பாம்புக்கழுகு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு நாங்கள் நால்வரும் மாறி மாறிப் பார்த்தோம். அது இறங்கவே இல்லை, கிழக்கே நகர்ந்து போய்விட்டது. கிழக்கே குலசேகரப்பட்டினம். 2024 பிப்ரவரியில் அங்கே ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். “அடுத்த தடவை வரும்போது இந்தப் பக்கம் வேறு ஏதாவது பறக்கும்” என்றான் மகன். அவனுக்கு அது பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

எருவை மட்டும் பாக்கி.

எருவை என்றால் என்ன என்று தெரிந்த நாளிலிருந்தே அது கிடைக்காது என்று மகனுக்குத் தெரியும். தங்கையிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான். கடைசி நாள் சாயங்காலம் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனபோதுதான் சொன்னான். எருவை என்பது பிணம் தின்னும் பாறு. 1990-களில் தொடங்கிப் பதினைந்தே வருடத்தில், வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் நாட்டில் செத்துப்போயின. மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசிதான் காரணம். அந்த மாடு செத்தபிறகு அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் போய்விடும். 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் இப்போது பாறுகள் கூடு கட்டுவதைப் பார்க்க வேண்டுமென்றால் முதுமலை, மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம்தான் போக வேண்டும். சின்னவள் குறிப்பேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று அவனை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

அந்த இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. தேரி குடித்த மழையெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டேனே, இங்கேதான் வருகிறது. சுட்டெரிக்கும் செம்மணலை ஒட்டிப் பள்ளத்தில் சுனை, சுற்றிலும் நாவலும் பனையுமாக இருட்டுத் தோப்பு. கல்பாவிய தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. வரும்போது மணி ஐந்தே முக்கால். சருகுக்குள் யாரோ காலால் துழாவுவது போலச் சத்தம் கேட்டது. அம்மா விரலை உதட்டில் வைத்தார். இரண்டு சீழ்க்கை, மறுபடி இரண்டு. “ஆறுமணிக்குருவி” என்றார் மெதுவாக. கண்ணுக்கு மை எழுதியதுபோல ஒரு கறுப்புப் பட்டை, முதுகு பச்சை, தோளில் ஒரு நீலச் சில்லு, வால் இருக்க வேண்டிய இடத்தில் வாலே இல்லாததுபோல ஒரு குட்டைத்தனம், அடியில் சிவப்பு. குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வருவது. விடியலில் ஒருமுறை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒருமுறை கூப்பிடும். அம்மாவின் அம்மா, இந்தக் குரலைக் கேட்டுத்தான் விளக்கேற்றச் சொல்வாராம். மகன் கைப்பேசியைப் பார்த்தான். மணி ஐந்து ஐம்பத்தெட்டு.

அது சருகுக்குள் மறைந்த பிறகு அம்மா, யாரும் கேட்காமலே சொன்னார்.

“நீ சொல்கிற அந்த எருவையை நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் பிணந்தின்னிக் கழுகு என்போம். எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் வண்டிமாடு ஒன்று செத்துப்போனது. இழுத்துக்கொண்டு போய்த் தேரி ஓரத்தில் போட்டார்கள். அதுவரைக்கும் வானத்தில் ஒன்றுகூட இல்லை. மத்தியானத்துக்குள் எங்கிருந்து வந்தன என்று தெரியாது. ராத்திரி அங்கேயே பனையில் தங்கிவிட்டன. காலையில் போய்ப் பார்க்கிறேன், வெயில் படுகிற பக்கமாகத் திரும்பி, இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன. கழுத்தில் மயிரே இல்லை. எங்கள் அப்பா அழுதுகொண்டு நின்றார், மாட்டுக்காக. நான் கழுகைத்தான் பார்த்தேன்.”

சின்னவள் குறிப்பேட்டைத் திறந்தாள். ஆச்சிக்கு இப்போது எழுபத்திரண்டு, பத்து வயது என்றால் 1963 என்று கணக்குப் போட்டாள். இடம் எழுதினாள். பார்த்தவர் என்ற கட்டத்தில் ஆச்சி என்று எழுதினாள். மாதம் கேட்டாள். சித்திரையோ வைகாசியோ, பதநீர் இறக்குகிற காலம் என்றார் அம்மா.

“எத்தனை இருந்தன, ஆச்சி?”

“யார் எண்ணினார்கள்? மட்டை ஒடிந்து விழுகிற அளவுக்கு இருந்தன.”

அவள் அண்ணனைப் பார்த்தாள். இருந்தது நிச்சயம், எண்ணிக்கை மட்டும் தெரியாது என்றால் அந்தக் கட்டத்தில் எக்ஸ் போடுவது பறவைக் கணக்கில் வழக்கம்தான் என்றான். போட்டாள்.